‘நல்ல பிள்ளை’ என்று நான் குறித்த குழந்தை

தூங்குகிற குழந்தையைப் பார்த்து உள்ளம் குளிர்கிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, பெற்றவள். இன்னொன்று, காது கேட்கிறதா என்று சோதிக்கிற நாம். பெற்றவளுக்காவது பாசம் என்று ஒரு காரணம் இருக்கிறது. நமக்கு, சோதனையை முடித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடலாம் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், முப்பது வருடத்துக்கு மேல் ஆடியாலஜிஸ்டாக இருந்து ஓய்வுபெற்று மும்பைப் பக்கம் நெருளில் உட்கார்ந்திருக்கும் என்னிடம், “அனுபவத்தை எழுதுங்க மேடம்” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வாங்கிய பாராட்டுகளை எழுதுவேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். அவற்றை எல்லாம் என் பிரிவுபசார விழாவில் துறைத் தலைவர் ஒரு தரம் வாசித்துவிட்டார். பாதி பொய். நான் எழுதப்போவது, ஒரு குழந்தையை ஏறக்குறையக் கொன்ற கதை. இயந்திரத்தை எப்படி இயக்குவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதைச் சொல்லித்தர கம்பெனிக்காரர்கள் டை கட்டிக்கொண்டு வருவார்கள், சமோசாவும் கொடுப்பார்கள்.

செம்பூரில் நான் வேலை பார்த்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அங்கே ‘பேரா’ சோதனை நடக்கும் அறை முதல் மாடியில், ஒரு மூலையில் இருந்தது. சின்னக் குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, மூளை அதை வாங்கிக்கொள்கிறதா என்று திரையில் பார்க்கிற சோதனை. குழந்தை தூங்கினால்தான் நடக்கும். விழித்துக்கொண்டு கையைக் காலை ஆட்டினால் திரையில் வெறும் கிறுக்கல்தான் வரும். அதனால் தாய்மார்களுக்கு ஒரு கட்டளை வைத்திருந்தோம். விடிவதற்கு முன்பே பிள்ளையை எழுப்பிவிடு. வழியில் தூங்க விடாதே. பால் கொடுக்காதே. இங்கே வந்த பிறகு தூக்க மருந்து கொடுப்போம். பசியிலும் தூக்கத்திலும் வீறிடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஹார்பர் லைன் ரயிலில் நெரிபட்டு, தாய்மார்கள் எங்களிடம் வந்து சேருவார்கள். நாங்கள் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு, “ஏன் இவ்வளவு அழுகிறது?” என்று கேட்போம்.

தூக்க மருந்து கொடுக்கும் முன் டாக்டர் ஒருவர் குழந்தையைப் பரிசோதித்து, ‘மருந்து கொடுக்கலாம்’ என்று முத்திரை குத்த வேண்டும் என்பது விதி. விதியை நாங்கள் மீறியதே இல்லை. காது மூக்குத் தொண்டைப் பிரிவின் ஜூனியர் டாக்டர் காலையில் வந்ததும், அன்றைக்கு வரப்போகிற எல்லாக் குழந்தைகளின் காகிதத்திலும் வரிசையாக முத்திரை குத்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். குழந்தைகள் அப்போது ரயிலில் குர்லா ஸ்டேஷனையே தாண்டியிருக்க மாட்டார்கள்.

என்னிடம் சொந்தமாக ஒரு நோட்டு உண்டு. எந்தக் குழந்தை மருந்தே இல்லாமல் சட்டென்று தூங்குகிறதோ, அதன் பெயருக்குப் பக்கத்தில் ‘நல்ல பிள்ளை’ என்று குறித்து வைப்பேன். அடுத்த தரம் வரும்போது அந்தக் குழந்தைக்கு நெரிசலான நாளில் இடம் கொடுக்கலாம், சீக்கிரம் முடிந்துவிடும். இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்குப் பெருமை வேறு. வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றில் இதைப் பற்றிப் பேசிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

அப்படிக் குறிக்கப்பட்டவர்களில் ஒருத்திதான் தர்ஷினி. தாராவியிலிருந்து வந்த ஒரு வயது இரண்டு மாதப் பெண். அம்மா பெயர் சண்முகக்கனி. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், புருஷன் தோல் பட்டறையில் வேலை பார்க்கிறான். மே மாதப் புழுக்கத்தில் குழந்தையின் தலையில் கம்பளிக் குல்லாய் மாட்டியிருந்தாள். கழற்றச் சொன்னேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் கழற்றினாள். வலது காது இருக்க வேண்டிய இடத்தில் இஞ்சித் துண்டு போல ஒரு சின்னச் சதை, துளை இல்லை. இடது காது பார்வைக்குச் சரியாக இருந்தது. ஆனால் அதிலும் துளை பாதியில் அடைபட்டிருந்தது. வலது கன்னமும் தாடையும் இடப்பக்கத்தைவிடக் கொஞ்சம் சின்னவை. அது எனக்கு அழகாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்தக் குழந்தையைப் பிறந்ததிலிருந்து எத்தனை பேர் பார்த்திருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? தடுப்பூசி போட்டவர்கள் தொடையைப் பார்த்தார்கள். சளிக்கு மருந்து எழுதிய தெரு முனை டாக்டர் மூக்கைப் பார்த்தார். எங்கள் டாக்டர்கள் குல்லாயைக் கழற்றச் சொல்லிக் காதைப் பார்த்தார்கள். குல்லாயைக் கழற்றியவர்கள் சட்டையைக் கழற்றவில்லை, சட்டையைக் கழற்றியவர்கள் யாராவது இருந்திருந்தால் அவர்கள் குல்லாயைக் கழற்றவில்லை. முழுக் குழந்தையையும் ஒரே நேரத்தில் பார்த்தது பெற்றவள் மட்டும்தான்.

வழக்கம் போல விவரம் கேட்டேன். வழக்கம் போல என்றால், கண்ணைப் படிவத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

“நடக்கறாளா?”

“நடக்கா மேடம். ஆனா நாலு எட்டு வச்சா குத்தவச்சு உக்காந்துகிடுதா. செத்த நேரங் கழிச்சித்தான் எந்திரிக்கா. பால் குடிக்கும்போதே வேர்த்து ஊத்தும், பாதியிலேயே அசந்து தூங்கிருவா.”

“சட்டுன்னு தூங்கிடுவாளா?” என்று கேட்டேன். அவள் சொன்னதில் எனக்குக் கேட்டது அது ஒன்றுதான்.

“ஆமா மேடம். மத்த பிள்ளைகள மாரி விளையாடவே மாட்டா. எப்பவும் அசதிதான்.”

“ரொம்ப நல்ல பிள்ளையா வளர்த்திருக்கே” என்றேன். அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். ஐந்தே நிமிடத்தில் குழந்தை தாய் மடியிலேயே தூங்கிவிட்டது, மருந்தே வேண்டியிருக்கவில்லை. என் அறையில் உதவிக்கு இருந்த ஆயா, நாங்கள் மௌசி என்று கூப்பிடுகிற ஐம்பது வயதுக்காரி, ஒயர் ஒட்டக் குழந்தையின் முகத்தைத் திருப்பியவள், “மேடம், இஸ்கா ஹோட் தேக்கோ. காலா ஹை” என்றாள். உதடு கறுத்திருக்கிறது என்கிறாள். நான் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா மாதிரி இருப்பா” என்றேன். அவள் அப்பனை நான் கண்டதே இல்லை.

நாம் படித்த புத்தகங்களில் இதயக் கோளாறுள்ள குழந்தை என்று ஒரு படம் இருக்கும். வெள்ளைக்காரக் குழந்தை, மை ஊற்றிய மாதிரி நீலமாக இருக்கும். நம் பிள்ளைகள் அப்படி நீலமாவதில்லை. கறுத்த பிள்ளை இன்னும் கொஞ்சம் கறுக்கும், உதடு நாவல்பழம் தின்றது போல இருக்கும், அவ்வளவுதான். நகத்தைப் பார்க்கலாம் என்றால் பத்து விரலிலும் மருதாணி. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஆசையாக வைத்துவிட்டிருந்தாள். புத்தகத்துப் படத்தோடு ஒத்துப்போகாத குற்றத்துக்காக அந்தக் குழந்தையை நாங்கள் எல்லோரும் ஆரோக்கியமான குழந்தை என்று முடிவு செய்திருந்தோம்.

அன்றைக்குச் சோதனையில் ஒரு பகுதி மிச்சமாகிவிட்டது, இயந்திரம் மக்கர் செய்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி தேதி கொடுத்தேன். ‘நல்ல பிள்ளை’ என்று குறித்திருந்ததால், கூட்டம் அதிகமுள்ள ஒரு திங்கட்கிழமையில் கொடுத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை தர்ஷினி தூங்கவில்லை. வளர்ந்துவிட்டாள், பசி வேறு. வெளியே காத்திருந்த இடத்தில் ஒரே அழுகை. மருந்து கொடுக்கச் சொன்னேன். காகிதத்தில் முத்திரைதான் காலையிலேயே தயாராக இருந்ததே. மௌசியும் சண்முகக்கனியும் சேர்ந்து வாயைத் திறந்து ஊற்றினார்கள். பாதியைத் துப்பினாள், மூச்சு அடைக்க வீறிட்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே திரையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அழுகை பட்டென்று நின்றது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

“தூங்கிட்டாளா? சீக்கிரம் கொண்டு வா” என்று கூவினேன்.

கொண்டு வந்து படுக்க வைத்தார்கள். “மேடம், இவ மூச்சு ஒரு மாரி இழுத்து இழுத்து வாங்குதா மேடம்” என்றாள் சண்முகக்கனி. “மருந்துக்கு அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே நான் குழந்தையின் நெற்றியைப் பஞ்சால் தேய்க்க ஆரம்பித்தேன். நெற்றியைத் தேய்த்தால்தானே ஒயர் ஒட்டும். குழந்தையின் முகம் எனக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. உதடு, நாக்கு எல்லாம் கறுத்து, கழுத்து துணி போலத் துவண்டு கிடந்தது. நான் நெற்றியை மட்டும் பார்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மௌசி என் கையைத் தட்டிவிட்டாள். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி ஓடினாள். குழந்தைகள் வார்டு இரண்டாவது மாடியில். பின்னாலேயே சண்முகக்கனி, அவளுக்குப் பின்னால் கையில் பஞ்சோடு நான்.

வார்டு வாசலில் இருந்தவள் ஒரு சின்ன டாக்டர், மராத்திப் பெண், என் மகளைவிடச் சிறியவள். குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு அழுத்திப் பிடித்தாள். ஆக்ஸிஜன் வைத்தாள், ஊசி போட்டாள், நர்ஸ்களை விரட்டினாள். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. சண்முகக்கனி சுவரோரம் நின்று, “எம்மா, எம்மா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்லக் கறுப்பு விலகி, குழந்தை ஈனசுரத்தில் அழுதது. என் வேலைக்காலம் முழுவதும் பிள்ளைகளின் அழுகையைச் சபித்தவள் நான். அன்றைக்கு அந்த அழுகை நின்றுவிடக் கூடாதே என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

சின்ன டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் குழந்தையின் நெஞ்சில் வைத்துக் கேட்டாள். குல்லாய் எங்கோ விழுந்துவிட்டிருந்ததால் காதையும் பார்த்தாள். பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

“ஆப் தோ சுன்னே கீ எக்ஸ்பர்ட் ஹை நா? லோ, சுனோ.”

கேட்பதில் நீங்கள்தானே நிபுணர், இந்தாருங்கள், கேளுங்கள் என்கிறாள். நர்ஸ்கள் முன்னால், மௌசி முன்னால். வாங்கிக் கேட்டேன். ரம்பம் இழுப்பது போல ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கரகரப்பு. அதைக் கேட்க டாக்டராக இருக்க வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல், இன்னும் இரண்டு கோளாறு, எல்லாம் சேர்ந்த பிறவி நோய் என்று மறுநாள் எக்கோ ஸ்கேனில் தெரிந்தது. குத்தவைத்து உட்கார்ந்தது, மூச்சுக்கு வழி தேடி அந்தக் குழந்தை தானாகக் கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம். பசியும் தூக்கமில்லாமையும் வீறிடும் அழுகையும் அந்த நோய்க்கு எமன். மூன்றையும் கட்டளை போட்டு வரவழைத்தவர்கள் நாங்கள்.

கருவில் காதும் இதயமும் ஏறக்குறைய ஒரே வாரங்களில் உருவாகின்றன. காதையும் தாடையையும் வடிவமைக்கப் போகும் உயிரணுக்களின் கூட்டத்தில் ஒரு பகுதி இதயத்தின் பெரிய குழாய்களுக்கும் போகிறது. அங்கே தடுக்கி விழுந்தால் இங்கேயும் தடுக்கியிருக்கலாம். இது ஏதோ புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். கல்லூரியில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். விடைத்தாளைக் கொடுத்த கையோடு விஷயத்தையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

பிறகு விசாரணை நடந்தது. விசாரணை என்றால் துறைத் தலைவர் அறையில் நாற்காலி போட்டு டீ குடிப்பது. காலையிலேயே முத்திரை குத்திய ஜூனியர், மருந்து கொடுக்கச் சொன்ன நான், எங்களுக்கு மேலே தலைவர். குழந்தை பிழைத்துவிட்டது, இதய அறுவைக்கு வேறு மருத்துவமனைக்கு அனுப்பியாகிவிட்டது, அப்புறம் எதற்கு ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. இவ்வளவு ஒற்றுமையை அந்தத் துறையில் அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை தயாரானது. அதில் முக்கியமான வரி இது: குழந்தைக்கு இருந்த தொந்தரவுகள் எதையும் தாய் தெரிவிக்கவில்லை.

எனக்கு ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். சங்கடமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் நிம்மதியாகத்தான் இருந்தது. மௌசியை யாரும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை. நான் அறைக்குத் திரும்பியதும் அவள், “உஸ்னே போலா தா மேடம். மேனே பீ போலா தா” என்றாள். அவள் சொன்னாள், நானும் சொன்னேன் என்கிறாள். “உன் வேலையைப் பார்” என்றேன்.

இதற்குப் பின் துறையில் ஞானோதயம் வந்தது. எப்படிப்பட்ட ஞானோதயம் என்றால், காதில் அழுக்கு என்று வந்த பிள்ளைகளைக்கூட எக்கோவுக்கு அனுப்ப ஆரம்பித்தோம். இதயப் பிரிவிலிருந்து ஒருவர் போன் செய்து, கம்மல் தொலைந்தாலும் எங்களிடம்தான் அனுப்புவீர்களா என்று கேட்டார். நீங்களும் அந்தக் கூத்தை ஆரம்பிக்காதீர்கள். காது கோணலான பிள்ளைகளில் பலருக்கு இதயம் நன்றாகவே இருக்கும், பெற்றவளை வீணாகக் கலங்க அடிக்க வேண்டாம். ஆனால் காதின் அமைப்பே கோணலாக இருந்தால், கூடவே தாடையோ கண்ணோ முதுகோ ஒத்துவராமல் இருந்தால், நெஞ்சையும் சிறுநீரகத்தையும் யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள். யாரும் பார்க்கவில்லை என்றால் பார்த்த பிறகுதான் தூக்க மருந்து. காகிதத்தில் முத்திரை இருக்கிறது என்று யாராவது காட்டினால், முத்திரைக்குக் காது கிடையாது என்று சொல்லுங்கள்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து சண்முகக்கனி வந்தாள். தர்ஷினிக்கு அறுவை முடிந்திருந்தது. நெஞ்சில் நேர்கோடாகத் தழும்பு, உதட்டில் ரத்த ஓட்டம். வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடி, தண்ணீர் டிரம்மின் குழாயைத் திறந்துவிட்டு, மௌசியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். சண்முகக்கனி என் மேஜைமேல் ஒரு டப்பாவை வைத்தாள். வீட்டில் செய்த முந்திரிக்கொத்து.

“நீங்க இல்லன்னா எம்பிள்ள இல்ல மேடம். அன்னைக்கு நீங்க மட்டும் அந்த மருந்து குடுக்கலன்னா இவளுக்கு நெஞ்சுல நோவு இருக்கது யாருக்குமே தெரிஞ்சிருக்காது.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெருந்தன்மையாகத் தலையை ஆட்டிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கடித்தேன். நன்றாக இருந்தது. இரண்டாவதையும் எடுத்தேன். அதைக் கடிக்காமல் திரும்பப் போட்டேன். டப்பாவை மூடித் தள்ளி வைத்தேன்.

“கனி, நீ முதல் நாளே எல்லாத்தையும் சொன்னே. குத்தவச்சு உட்காரறா, வேர்க்கறது, அசந்து போறா, எல்லாம் சொன்னே. நான்தான் காதுல வாங்கிக்கலை. அதுக்கப்புறம் நீ எதையும் சொல்லலைன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.”

அவள் திடுக்கிடுவாள் என்று நினைத்தேன். அவளோ, மகள் ஓடுகிற பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“தெரியும் மேடம். ஆபரேசன் செஞ்ச ஆஸ்பத்திரி வார்டுல ஒரு தமிழ் நர்ஸம்மா இருந்தாவல்லா, அவிய பைலோட வந்திருந்த அந்தப் பேப்பர வாசிச்சு அர்த்தம் சொன்னாவ. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அன்னைக்கே இங்க வந்து ஒங்கள நாக்கப் புடுங்குற மாரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.”

“ஏன் கேக்கலை?”

“இவ காது மிசினுக்கு நீங்கதான எழுதிக் குடுக்கணும்? ஒங்ககிட்ட சண்ட போட்டுட்டு நான் யார்ட்டப் போயி நிக்க? எம்பிள்ள பேச்சு கேக்காண்டாமா? அதான் பண்டம் செஞ்சு எடுத்தாந்தேன்.”

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும்.

தலையில் பட்டையோடு மாட்டுகிற காது மிஷினுக்கான படிவத்தை எடுத்து எழுதி, கையெழுத்துப் போட்டு அவளிடம் முதலில் கொடுத்தேன். பிறகு துறைத் தலைவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அதையே இன்னொரு தாளில் தமிழிலும் எழுதினேன். தமிழில் எழுதிப் பல வருடங்கள் ஆகியிருந்ததால் எழுத்து கோணல்மாணலாக வந்தது. குழந்தையின் தாய் எல்லாவற்றையும் முதல் நாளே என்னிடம் சொன்னார், நான் கவனிக்கவில்லை, அறிக்கையில் உள்ளது பொய் என்று மூன்றே வரி. தமிழ்த் தாளை சண்முகக்கனியிடம் நீட்டினேன்.

அவள் நின்றபடியே விரல் வைத்து வாசித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். தாளை மேஜைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“தேதி போடலியே மேடம்” என்றாள்.

போட்டுக் கொடுத்தேன்.